ஒன்பது மணி வரை பாஸ்

அரிசியில் ஈரம் பார்க்க மெஷின் வந்துவிட்டதாம். ஒரு பிடி அரிசியைக் கிண்ணத்தில் கொட்டி மூடினால் முள் ஓடிப் போய் ஓர் எண்ணில் நிற்குமாம். போன வாரம் என் பழைய ஆபீசிலிருந்து மூன்று இளைய குமாஸ்தாக்கள் ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். நான் அழுவேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. நான் எதற்கு அழ வேண்டும்? முப்பது வருஷம் அரிசியைக் கடித்துக் கடித்துப் பார்த்து எனக்குக் கடைவாயில் இரண்டு பல் போய்விட்டது. அந்த மெஷின் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பல்லாவது மிஞ்சியிருக்கும்.

"அது இருக்கட்டும்ணே. நீங்க ஒரு தடவை பனிக்கு சர்ட்டிபிகேட் குடுத்ததா பழைய ரிஜிஸ்தர்ல இருக்கே, நெசமா?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

நிஜம்தான். குமாஸ்தா சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். நம்புகிறவன் நம்பட்டும், நம்பாதவன் ரிஜிஸ்தரைப் பார்க்கட்டும்.

இருபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸ் கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. கப்பலில் ஏறும் அரிசி நல்லதா கெட்டதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் கம்பெனியின் தொழில். விற்கிறவனும் எங்களுக்குச் சொந்தம் இல்லை, வாங்குகிறவனும் சொந்தம் இல்லை. எங்கள் காகிதத்தில் 'பாஸ்' என்று இருந்தால் மூட்டை கப்பலுக்குப் போகும். 'ரிஜெக்ட்' என்று இருந்தால் மில்லுக்குத் திரும்பும்.

முதல் இரண்டு வருஷம் எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்று, குத்தூசி போடுவது. மூட்டையின் வாயைத் திறந்து பார்க்கக் கூடாது. வாயில் எப்போதும் நல்ல அரிசிதான் இருக்கும், அதை வைத்தவனுக்குத் தெரியாதா? அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று மூன்று குத்து. ஊசியின் பள்ளத்தில் வரும் அரிசியை உள்ளங்கையில் தேய்த்து, மோந்து, கடித்துப் பார்க்க வேண்டும். பெரிய குவியலாக இருந்தால் ஆள் உயர ஊசி. அதை இறக்கும்போது கையில் தெரியும்: இந்த இடத்தில் காய்ந்திருக்கிறது, இந்த இடத்தில் கட்டி தட்டியிருக்கிறது, இதோ இங்கே ஈரம். கடைசியாக மாதிரியைத் தகர டப்பாவில் போட்டு, அரக்கு வைத்து, ஆறு மாசம் மாதிரி அறையில் அடுக்கி வைக்க வேண்டும். தகராறு வந்தால் இரண்டு கட்சிக்காரர்களையும் வைத்துக்கொண்டு அந்த டப்பாவைத் திறப்போம். டப்பாவும் காகிதமும் ஒத்துப் போனால் நாங்கள் பிழைத்தோம்.

அந்த அரக்கின் மேல் முத்திரை குத்துகிறவர் ஹெட் கிளார்க் ஞானமுத்து ஐயா. ரங்கூன் வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு அணிந்து, லஞ்சா என்கிற கைரிக்ஷாவில் கூட ஏறாமல் நடந்தே வருவார். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். யார் போய் நின்றாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், கையில் இருக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார். எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்வி: "பேப்பர்ல இருக்கா?" இருந்தால் சரி. இல்லாவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் திட்டு. இரண்டு தடவை என்றால் மெமோ. மூன்று தடவை துடைத்து நான் ஒருவனுக்குத்தான் பார்த்திருக்கிறேன். அவன் மறுநாள் மீன்குழம்புச் சேமியா விற்கும் மொஹிங்காக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

நான் அப்போது டெம்பரரி. மூன்று வருஷமாக டெம்பரரி. லட்சுமியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள், ஆனால் அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கறாரான மனுஷர். "பெர்மனென்ட் ஆர்டரை எடுத்துக்கிட்டு வாங்க தம்பி, மறுநாளே தாலி" என்று சொல்லிவிட்டார். மாசா மாசம் நான் ஐயாவின் மேஜைக்கு முன்னால் போய் நிற்பேன். அவர் காகிதத்தைப் பார்ப்பார். நான் திரும்பி வருவேன்.

இந்த நிலையில் வந்து சேர்ந்தார் பிளண்டன் துரை. பசண்டாங்கில் ஓர் அரிசி மில்லின் மேனேஜர். சின்ன வயசில் ஏதோ குளிர் தேசத்தில் பனிச்சரிவில் சறுக்கி விளையாடியவராம். நுனி வளைந்த நீளமான இரண்டு சறுக்குக் கட்டைகளைக் கப்பலில் வரவழைத்திருந்தார். ரங்கூனில் பனிக்கு எங்கே போவது? மில்லுக்குப் பின்னால் உமி மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதன் மேல் ஏறிக் காலில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் அன்றைக்கு அந்த மில்லுக்கு மாதிரி எடுக்கப் போயிருந்தேன். கூலிகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முந்தின நாள் மழை. மேல் உமி வெயிலில் காய்ந்து பளபளத்தது. பழக்க தோஷம், நான் குத்தூசியை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஓர் அடிக்குக் கீழே சொதசொத என்று இருந்தது.

"துரை, மேலே காய்ஞ்சிருக்கு, அடியில ஈரம். சரியும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

துரை சிரித்துக்கொண்டே புறப்பட்டார். உமியும் அவரோடு புறப்பட்டது. கழுத்துவரை புதைந்தவரை ஆறு பேர் தோண்டி எடுத்தோம். காதிலிருந்து உமியைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "உனக்கு எப்படித் தெரிந்தது?" என்றார். நான் ஊசியைக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் என் தலையெழுத்து மாறியது.

அடுத்த வருஷம் வசந்தத்தில் பர்மாவின் வடக்குக் கோடியில் இருக்கும் பனிமலையில் ஏறி, கட்டையில் சறுக்கி இறங்குவது என்று துரை முடிவு செய்தார். இன்ஷூரன்ஸ்காரன் ஒரு நிபந்தனை போட்டான். பாதையும் பனியும் சரியாக இருக்கிறது என்று பொதுவான ஒரு கம்பெனி பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் பாலிசி. ரங்கூனில் எந்தக் கம்பெனி பனியைப் பார்த்திருக்கிறது? துரை என் பெயரைச் சொன்னார்.

நான் ரங்கூனில் பிறந்தவன். மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி வரும் ஐஸ் கட்டிதான் எனக்குத் தெரிந்த பனி. ஐயாவிடம் போய் நின்றேன்.

"பனிக்கு நம்மகிட்ட ஃபாரம் இல்லையேய்யா."

"அரிசி ஃபாரம் இருக்குல்ல. அரிசிங்கறதை அடிச்சிட்டு பனின்னு எழுதும்" என்றார் காகிதத்தைப் பார்த்தபடி.

"அதுல குருணை எவ்வளவுன்னு ஒரு கட்டம் இருக்கு. மூட்டை எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கு."

"இருக்கட்டும். ஒரு கட்டமும் காலியா வரக்கூடாது. மாதிரி ஒரு டப்பா, அரக்கு வெச்சு. பார்க்காததை எழுதாதீரும். பார்த்ததை விடாதீரும்." பிறகு எழுந்து போய் ஆணியில் தொங்கிய ஒரு பழைய கம்பளிக் கோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "குளிரும். ரசீது எழுதி வெச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போம்."

இரண்டு நாள் ரயில். அதற்கு மேல் மூன்று வாரம் கோவேறு கழுதைகளோடு நடை. துரை, ரங்கூனிலிருந்து கூட்டி வந்த சமையல்காரர், நான். கடைசி ஊரில் சுமை தூக்க ஊ சான் என்ற பெரியவரும் அவருடைய ஆட்கள் நால்வரும் சேர்ந்துகொண்டார்கள். ஊ சானுக்கு ஐம்பது வயசிருக்கும். படிப்பு கிடையாது. வாயில் சுருட்டு எப்போதும் உண்டு. என்னை 'ஸயா' என்பார், வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி.

பாதையைப் பற்றி நான் எழுதியது இன்னும் ரிஜிஸ்தரில் இருக்கிறது. 'மூங்கில் காடு: முழங்கால் சேறு, அட்டை ஏராளம். பிரம்புப் பாலம்: இரண்டு கயிறு அறுந்திருக்கிறது, ஒவ்வொருவராகப் போகவும். ஓடை: காலையில் கணுக்கால், மத்தியானத்துக்கு மேல் இடுப்பு.' இந்தக் கடைசி வரியைப் பட்டுத்தான் எழுதினேன். காலையில் வேட்டி நனையாமல் தாண்டிய ஓடை, மறந்துபோன பென்சிலை எடுக்க மத்தியானம் திரும்பியபோது என்னை உருட்டிவிட்டது. "மேலே வெயில் அடிச்சா பனி உருகும் ஸயா. அந்தத் தண்ணி இங்க வர மத்தியானம் ஆகும்" என்றார் ஊ சான், என்னைக் காலைப் பிடித்து இழுத்தபடி. பென்சில் போய்விட்டது.

பனியை முதலில் பார்த்தபோது எனக்குப் பக்தி எல்லாம் வரவில்லை. கண் கூசியது, மூக்கு ஒழுகியது. சரிவின் அடியில் கூடாரம் அடித்தோம். அந்தச் சரிவில் ஏறித்தான் உச்சிக்குப் போக வேண்டும், அதில்தான் துரை சறுக்கி இறங்க வேண்டும். மூன்று நாள் நான் அதற்குக் குத்தூசி போட்டேன். ஆள் உயர ஊசி. அடியில், நடுவில், பக்கத்தில். காலை ஐந்து மணி முதல் மத்தியானம் வரை மணிக்கு ஒரு தடவை.

ஐந்து மணிக்கு ஊசி இறங்கவே இல்லை, கல்லால் அடித்து இறக்கினேன். சிமெண்டுத் தரை. எட்டு மணிக்கு மேலே ஒரு விரல் ஆழம் இளகியிருந்தது. அள்ளிப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அசல் குருணை. அதே உருண்டை, அதே சொரசொரப்பு. என்னை அறியாமல் கடித்துப் பார்த்தேன், பல் கூசி உயிர் போய்விட்டது. ஃபாரத்தில் 'குருணை: நூற்றுக்கு நூறு' என்று போட்டேன். துரை அதைத் தொட்டுப் பார்த்து, இதுதான் சறுக்க அருமையான பனி என்று குதூகலித்தார். குருணையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மில் மேனேஜர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பத்து மணிக்குப் போட்ட ஊசிதான் என்னைக் கலக்கியது. தயிரில் இறங்குகிற மாதிரி இறங்கியது. முழ ஆழத்தில் சொதசொத என்று ஓர் அடுக்கு. அதற்குக் கீழே கெட்டி. ஈரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது மேல் பனி முழுவதும். உமி மேடு கண்முன்னால் வந்தது. மூன்று நாளும் இதே கதை. விடிந்தால் கெட்டி, எட்டுக்குக் குருணை, பத்துக்குச் சொதசொத.

இப்போது நான் என்ன எழுதுவது? அரிசி நல்லது என்றால் நல்லதுதான், மணிக்கு ஒரு குணம் அதற்குக் கிடையாது. ஃபாரத்தில் நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை. பாஸ் என்று எழுதினால் பாதிப் பொய். ரிஜெக்ட் என்று எழுதினாலும் பாதிப் பொய். கூடாரத்தில் ஐயாவின் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்து யோசித்தேன். கடைசியில் 'பாஸ்' என்று எழுதி, ஓரத்தில், 'காலை ஒன்பது மணி வரை மட்டும். அதற்கு மேல் ரிஜெக்ட்' என்று சேர்த்தேன். மூட்டை எத்தனை என்ற கட்டத்துக்கு எதுவும் தோன்றவில்லை. காலியாக விட்டேன். டப்பாவில் பனியை அடைத்து அரக்கு வைத்தேன். துரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். கட்டைகளை முந்தின நாள் விடியலிலேயே ஊ சானின் ஆட்கள் பாதிச் சரிவில் கொண்டுபோய் நட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் தயார். முட்டைதான் தயாராகவில்லை.

துரைக்குக் காலையில் நன்றாக வெந்த முட்டை இல்லாமல் ஓடாது. அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது, ஆனால் முட்டை வேகிறதில்லை. சமையல்காரருக்கு இது தெரியாது. ரங்கூன் கணக்குப்படி எடுத்துக் கொடுத்தார். வழவழ என்று இருந்தது. துரை திருப்பி அனுப்பினார். இரண்டாவது முட்டையும் வழவழ. விறகு ஈரம், அடுப்பு அணைந்தது, மறுபடி மூட்டினார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். "வெறும் வயிற்றோடு எந்த மனிதனும் மலை ஏறமாட்டான்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது முட்டை கெட்டியாக வந்தபோது மணி ஒன்பதே கால்.

"துரை, சர்ட்டிபிகேட் முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"எது முடிந்தது?"

"ஒன்பது மணி வரைதான் பாஸ். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

துரை காகிதத்தை வாங்கி அப்போதுதான் ஓரத்தைப் படித்தார். முகம் சிவந்தது. "உன்னை ரங்கூன் போனதும் வேலையை விட்டுத் தூக்கச் சொல்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, ஊ சான் பக்கம் திரும்பி, சுமையோடு முன்னால் ஏறி வழி போடச் சொல்லிக் கை காட்டினார்.

ஊ சான் என்னிடம் வந்தார். "ஸயா, பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

லட்சுமியின் அப்பா கண்முன்னால் நின்றார். தட்டுக் கழுவியவனும் நின்றான். ஒரு வார்த்தை மாற்றிப் படித்தால் என் வேலை தப்பும். ஊ சானுக்கோ படிக்கத் தெரியாது. அந்த யோசனை எனக்கு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். வந்தது. பிறகு எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே பர்மியில் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார் ஊ சான். சுமையை இறக்கி, அதன் மேல் உட்கார்ந்து, சுருட்டைப் பற்ற வைத்தார். மற்ற நால்வரும் உட்கார்ந்தார்கள்.

பத்து மணி. ஒன்றும் நடக்கவில்லை. சரிவு சமர்த்தாகக் கிடந்தது. பத்தரை. துரை முட்டையை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பனி சரியக் கூடாது என்று வேண்டுவதா, சரிய வேண்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல் நான் முழித்தேன். பதினொன்றுக்கு அவர் எழுந்தார். "நான் தனியாகவே போகிறேன்" என்றார், கையில் பாதி முட்டையோடு.

அப்போது மேலே சாக்குக் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. பிறகு மொத்தமும் புறப்பட்டது. ஓட நேரமில்லை, அவசியமும் இல்லை. எங்களுக்கு ஒரு பர்லாங்கு தள்ளி வந்து நின்றது. பனித்தூள் அடங்கியபோது சரிவு சிமெண்டு நிறத்தில் மொட்டையாக இருந்தது. கட்டைகள் இரண்டும் இல்லை.

ஊ சான் அணைந்துபோன சுருட்டை எடுத்துப் பார்த்தார்.

"என் கட்டைகள்" என்றார் துரை.

மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கே வழவழ முட்டையை வாயை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு ஏறினார். உச்சியைத் தொட்டுவிட்டு ஒன்பதுக்குள் நடந்தே இறங்கினார். இதற்குப் பிறகு எனக்கு நன்றி சொல்வார் என்றுதான் நினைத்தேன். கட்டை போன கோபம் ரங்கூன் வரை தீரவில்லை.

தொலைந்த கட்டைகளுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டார். கட்டை போன நேரத்தில் சர்ட்டிபிகேட் செல்லாது என்று மறுத்துவிட்டார்கள். உடனே எங்கள் கம்பெனிக்குப் புகார் எழுதினார். சர்ட்டிபிகேட்டுக்கு மணிக்கணக்கு உண்டு என்று எந்த விதியில் இருக்கிறது, இதை இந்த ஆள் சொந்தமாகக் கற்பித்தான், டப்பாவைத் திறந்து பாருங்கள், ஆளை வேலையை விட்டு அனுப்புங்கள். இதுதான் சாரம்.

மாதிரி அறையில் விசாரணை. ஒரு பக்கம் துரை, ஒரு பக்கம் இன்ஷூரன்ஸ்காரர், நடுவில் கறுப்புக் கோட்டில் ஞானமுத்து ஐயா. நான் அலமாரி ஓரத்தில் நின்றேன். ஐயா என் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்று. மாட்டிக்கொண்டு ஓரத்து எழுத்தைப் படித்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். இரண்டு. நான் மொஹிங்காக் கடைக்கு மனசளவில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

டப்பா வந்தது. அரக்கை எல்லோருக்கும் காட்டி உடைத்து, மூடியைத் திறந்தார். உள்ளே கால் டப்பா தண்ணீர். அதில் ஒரு பைன் ஊசி இலை மிதந்தது.

துரை சிரித்தார். "பனி என்று எழுதியிருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. ஒத்துப் போகவில்லை அல்லவா?"

ஐயா கண்ணாடியைத் துடைக்கவில்லை. சுண்டுவிரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு அவருடைய மிஷன் இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக, சொன்னார்: "ஒன்பது மணிக்கு மேல் இது கெட்டுப்போகும் என்று எங்கள் ஆள் எழுதியிருக்கிறான். இப்போது மணி பதினொன்று. கெட்டுப்போயிருக்கிறது. மாதிரி சர்ட்டிபிகேட்டோடு ஒத்துப் போகிறது."

இன்ஷூரன்ஸ்காரர் இருமினார். துரை டப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மில்லில் ஆயிரம் தகராறு பார்த்தவர். மாதிரி ஒத்துப் போன பிறகு பேசக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நழுவப் பார்த்தேன்.

"நில்லும்" என்றார் ஐயா. "ஒரு கட்டம் காலியா இருக்கு."

"மூட்டை எத்தனைன்னு கேக்குதுங்கய்யா. பனிக்கு என்ன மூட்டை?"

"சரிவு இறங்கின அன்னிக்கு அங்க எத்தனை பேர் இருந்தீங்க?"

விரல் விட்டு எண்ணினேன். ஊ சான், அவருடைய ஆட்கள் நாலு, சமையல்காரர், துரை, நான். "எட்டு பேருங்கய்யா."

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மைக்கூட்டில் தொட்டு, அந்தக் கட்டத்தில் நிதானமாக எழுதினார். முத்திரையைக் குத்தி, மை காய ஊதி, காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

பெர்மனென்ட் ஆர்டர் அந்த மாசமே வந்தது. மறுநாள் இல்லை, மறுவாரம் தாலி. இதை எழுதும்போது லட்சுமி எட்டிப் பார்த்து, முட்டையைப் பற்றி இவ்வளவு எதற்கு என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

தம்பிகளே, மெஷின் முள் எந்த எண்ணில் நிற்கிறதோ நிற்கட்டும். ரிஜிஸ்தரில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் ஐயாவின் கையெழுத்தில் இப்படி இருக்கும்: 'எட்டு. சேதாரம் இல்லை.'